பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் கார்: வீட்டுப் பழைய வண்டியா, செகண்ட்ஹேண்டா, புதுசா?

"பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு, பைக் கேட்டு அடம்பிடிக்கிறான், பைக்னாலே வீட்ல பயம், அதுக்குப் பதிலா ஒரு கார் வாங்கிக் கொடுத்திடலாமா?" ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் திறப்பதற்குள் இந்தக் கேள்வி எப்படியும் நாலு பேரிடமிருந்து வந்துவிடும். பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களும் இப்போது இதையேதான் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்: "கத்துக்கிற பிள்ளைதானே, பழைய வண்டி போதும், இடிச்சாலும் வயிறு எரியாது."

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பம்பரும் கதவும் போனால் எவ்வளவு செலவாகும் என்று மட்டும் பார்க்கிற கணக்கு இது. உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது இந்தக் கணக்கில் எங்கேயுமே வரவில்லை. வீட்டிலேயே அனுபவம் குறைந்த டிரைவருக்கு வீட்டிலேயே பாதுகாப்பு குறைந்த வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, முப்பது வருஷம் ஓட்டிப் பழகிய அப்பா ஆறு ஏர்பேக் வண்டியில் ஆபீஸ் போகிறார்.

(பிள்ளைக்குப் பதினேழுதான் ஆகிறது, "சும்மா தெருவுக்குள்ளேதானே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அந்தப் பேச்சே வேண்டாம்.)

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வண்டியின் கூடு. மோதும்போது பயணிகள் உட்காரும் பகுதி நசுங்காமல் நிற்கிறதா என்பதுதான் அடிப்படை, அது ஆட்டம் கண்டால் ஏர்பேக் இருந்தும் பெரிய பயனில்லை. இதற்குத்தான் கிராஷ் டெஸ்ட் ஸ்டார் பார்ப்பது. ஆனால் ஸ்டாரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், எந்த வருஷத்து ஸ்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்களை மோதவிட்டுச் சோதித்து ஐந்து வரை ஸ்டார் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2014-இல் இந்திய வண்டிகளைச் சோதிக்க ஆரம்பித்தது. 2022 ஜூலை வரை முன்பக்க மோதலுக்குத்தான் முக்கிய மதிப்பெண், அதற்குப் பிறகுதான் பக்கவாட்டு மோதல், கம்பத்தில் மோதல், வண்டி வழுக்காமல் தடுக்கும் ஈ.எஸ்.சி எல்லாம் சேர்ந்து சோதனை கடுமையானது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் வந்துவிட்டது. 2020-இல் வாங்கிய ஐந்து ஸ்டாரும் 2024-இல் வாங்கிய ஐந்து ஸ்டாரும் ஒரே எடை இல்லை, ஆனாலும் 2020-இன் ஐந்து ஸ்டார் அந்தக் காலத்து ஒரு ஸ்டாரைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது, வண்டி தயாரான தேதி. நம் நாட்டில் ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரம், வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் எல்லாம் 2019 ஜூலையில். பக்கத்து சீட்டு ஏர்பேக் 2022 ஜனவரியிலிருந்து. ஆக, எந்தக் கம்பெனியானாலும் எவ்வளவு மலிவான மாடலானாலும் 2022-க்குப் பிறகு தயாரானது என்றால் இவை இருந்தே தீரும். அதற்கு முன்னால் என்றால் வேரியன்ட் வேரியன்ட்டாகத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். பேஸ் மாடலில் ஒன்றுமே இருக்காது, டாப் எண்டில் எல்லாம் இருக்கும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி.

மூன்றாவது ஈ.எஸ்.பி, அதாவது மேலே சொன்ன ஈ.எஸ்.சி-தான், நம் ஊர் ஷோரூமில் இந்தப் பெயரில் சொல்வார்கள். விற்பவர்கள் டச் ஸ்கிரீனைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வளைவிலோ ஈரச் சாலையிலோ திடீரென்று ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி வழுக்கும், அப்போது எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் வண்டியே பிரேக் போட்டு நேராக்கும் ஏற்பாடு இது. குறுக்கே நாய் வந்ததும் பயந்துபோய் ஸ்டீயரிங்கை வெட்டுவது புது டிரைவர் நிச்சயம் ஒரு நாள் செய்யப் போகும் காரியம் என்பதால், என் கணக்கில் ஐந்தாவது, ஆறாவது ஏர்பேக்கைவிட இதுதான் முக்கியம்.

நாலாவது, இன்ஜின் சக்தி. 80, 90 குதிரைத்திறன் போதும். 60-இல் போகும் வண்டி 80-இல் போனால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட எண்பது சதவீதம் கூடிவிடுகிறது. டர்போ வேண்டாம், "ஸ்போர்ட்" என்று பட்டன் இருக்கிற வண்டியும் வேண்டாம். நான் தனிப்பட்ட முறையில் சன்ரூஃபையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவேன், சென்னை ஈசிஆர் சாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை போய், சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நிற்பவர்களைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

கடைசியாகச் செலவு. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல் மூன்று வருஷம் ஓட்ட ஆகும் மொத்தத்தைப் பார்க்க வேண்டும்.

## ஒன்று: வீட்டில் நிற்கும் பழைய வண்டி

2010–2015 வாக்கில் வாங்கிய ஆல்டோ, ஐ10, வேகன் ஆர், ஃபிகோ. புது வண்டி வந்ததும் இது ஷெட்டுக்குப் போயிருக்கும். செலவே இல்லை என்பதுதான் இதன் கவர்ச்சி.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் முதல்முறையாகச் சோதித்த ஐந்து வண்டிகள்: ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ. ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல்கள், 64 கிலோமீட்டர் வேகம், ஐந்துக்கும் பூஜ்ஜியம். அதே போலோ இரண்டு ஏர்பேக்குடன் வந்தபோது நாலு ஸ்டார் வாங்கியது. உங்கள் ஷெட்டில் நிற்பது பூஜ்ஜியமா நாலா என்பது வேரியன்ட்டைப் பொறுத்தது. ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் வெளியே கடையில் மாட்டிக்கொள்ளும் சாமான் இல்லை அது.

செலவு இல்லை என்பதும் பாதிதான் உண்மை. நின்ற வண்டியின் டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நாலு டயர், பிரேக் வேலை, சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, ஏசி கேஸ் என்று போனால் அரை லட்சம் சத்தமில்லாமல் ஓடிவிடும். பதினைந்து வருஷத்தை நெருங்குகிறது என்றால் எஃப்சி (தகுதிச் சான்றிதழ்), மறுபதிவுச் செலவும் வரிசையில் நிற்கிறது. வண்டி பழசானதும், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸும் பெரும்பாலும் கிடைக்காது.

எப்போது இது சரி? வீட்டிலிருந்து காலேஜ் ஐந்து கிலோமீட்டர், முழுக்க ஊருக்குள், நாற்பதைத் தாண்ட வழியே இல்லாத டிராஃபிக் என்றால் சரி. அல்லது, இது இல்லையென்றால் பையன் 200 சிசி பைக்தான் எடுப்பான் என்ற நிலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய காரைக் கொடுங்கள், பெல்ட் போட்டு ஓட்டும் ஏர்பேக் இல்லாத ஆல்டோகூட பைக்கைவிடப் பத்திரம். ஆனால் தினமும் பைபாஸ் ஏறி இறங்க வேண்டும் என்றால் நான் தரமாட்டேன்.

## இரண்டு: பெரிய பழைய வண்டி

"சின்ன வண்டி தகரம்பா, பழைய ஸ்கார்ப்பியோ ஒண்ணு புடிச்சிரு, இடிச்சா எதிராளிக்குத்தான் சேதம்." இதை டீக்கடையில் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

எடை உதவும் என்பது உண்மைதான். கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசான வண்டியில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். ஆனால் நம் சாலையில் எதிரே வருவது லாரி, நிற்பது புளியமரம், இவை இரண்டுக்கும் ஸ்கார்ப்பியோவும் ஒன்றுதான் ஆல்டோவும் ஒன்றுதான். அதிலும் 2016-இல் சோதித்த ஏர்பேக் இல்லாத பழைய ஸ்கார்ப்பியோவுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். 2022-இல் ஸ்கார்ப்பியோ-என் ஐந்து ஸ்டார் வாங்கியதைக் காட்டி பழைய ஸ்கார்ப்பியோவை விற்கப் பார்ப்பார்கள், அது வேறு வண்டி இது வேறு வண்டி. உயரமான வண்டி வேகத்தில் ஒடித்தால் கவிழும் வாய்ப்பும் அதிகம், பழைய மாடல்களில் அதைத் தடுக்க ஈ.எஸ்.பி இருக்காது.

இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏழு சீட் இருந்தால் ஏழு பேர் ஏறுவார்கள். பதின்வயது டிரைவருடன் அதே வயது நண்பர்கள் ஏற ஏற விபத்து வாய்ப்பும் ஏறுகிறது என்பது வெளிநாடுகளில் நன்றாக ஆராய்ந்து பார்த்த விஷயம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் புது லைசென்ஸ்காரர் நண்பர்களை ஏற்றவும் ராத்திரி ஓட்டவும் சட்டமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நம் ஊரில் பதினெட்டு ஆனதும் லைசென்ஸ் கையில், அப்புறம் இன்னோவா நிறைய ஆள் ஏற்றி ராத்திரி பதினொரு மணிக்கு ஊட்டிக்குக் கிளம்பலாம், கேட்க ஆளில்லை.

பெரிய வண்டிதான் வேண்டும் என்றால் செடான் பக்கம் போங்கள். நாலாம் தலைமுறை ஹோண்டா சிட்டி நாலு ஸ்டார் வாங்கியது, நம்பகமான இன்ஜின். ஆனால் 119 குதிரைத்திறன், என் அளவுகோலைத் தாண்டிவிடுகிறது.

## மூன்று: ஐந்தாறு வருஷப் பழைய, நல்ல ஸ்டார் வாங்கிய சின்ன வண்டி

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். 2020–2022 மாடல் அல்ட்ராஸ் (2020 ஜனவரியில் ஐந்து ஸ்டார்), டியாகோ (நாலு), கடைசி வருஷங்களின் போலோ (நாலு), ஜாஸ் (நாலு). பட்ஜெட் கொஞ்சம் நீண்டால் நெக்ஸான், 2018 டிசம்பரில் முதன்முதலாக ஐந்து ஸ்டார் வாங்கிய இந்திய வண்டி அதுதான், ஆனால் டர்போ. அதே காலகட்டத்தில் நன்றாக விற்ற ஸ்விஃப்ட், வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 நியோஸ் எல்லாமே இரண்டு ஸ்டார்தான், எஸ்-பிரெஸ்ஸோ பூஜ்ஜியம். மைலேஜும் மறுவிற்பனையும் நன்றாக இருக்கலாம், நாம் பார்ப்பது அதை இல்லையே.

நாலரையிலிருந்து ஆறு லட்சத்துக்குள் முடிந்துவிடும். முதல் தேய்மானம் முந்தைய ஓனர் தலையில் போய்விட்டது, கீறல் விழுந்தால் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு வராது.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: அடிபட்ட வண்டியைப் பூசி மெழுகி விற்பது. வெடித்த ஏர்பேக்கைப் புதிதாகப் போட நிறைய ஆகும் என்பதால், மேல்மூடியை மட்டும் ஒட்டி உள்ளே காலியாக விட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ விளக்கையே பிடுங்கிவிட்டிருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டைத் தரை வரை முழுக்க இழுத்துப் பாருங்கள். அடியில் தயாரித்த தேதியுடன் சின்னத் துணி லேபிள் இருக்கும். வண்டி 2020, பெல்ட் 2023 என்றால் நடுவில் பலமாக எங்கோ மோதியிருக்கிறது. பெல்ட் சுருளுக்குள்ளே இருக்கும் கடைசி அரை அடியில் சேறு படிந்த கோடு தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் சுத்தமாகக் கழுவி வேறு ஊர்களுக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு, மதுரை, கோயம்புத்தூர் என்று எங்கே வாங்கினாலும் இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் துருவும் மண்ணும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிகள் எல்லாவற்றிலும் ஒரே வருஷக் குறியீடு இருக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஆகும் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

முன்னால் இரும்புக் குழாய் பம்பர் கார்டு மாட்டியிருந்தால் கழற்றி எறியுங்கள். 2017-லேயே தடை செய்தது, மோதலின் விசையை வண்டி வாங்கிக்கொள்ளும் விதத்தையே கெடுத்து, ஏர்பேக் சரியான நேரத்தில் திறப்பதையும் அது குழப்பிவிடும்.

## நாலு: புதுசாக, பேஸ் மாடல்

ஐந்து வருஷத்துக்கு முன் இந்த வழியை நான் சொல்லியிருக்க மாட்டேன், அப்போது பேஸ் மாடல் என்றால் சட்டத்துக்காக ஒப்புக்கு ஏதோ இருக்கும். இப்போது நிலைமை வேறு. 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் ஆறு ஏர்பேக், ஈ.எஸ்.பி எல்லா வேரியன்ட்டிலும் உண்டு, டிசையர் 2024 நவம்பரில் கடுமையான புது முறையில் ஐந்து ஸ்டார் வாங்கியது. இன்ஜின் 82 குதிரைத்திறன், நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ஹூண்டாயிலும் 2023 அக்டோபரிலிருந்து எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக். 2025 செப்டம்பரில் சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததில் விலையும் இறங்கியது.

எக்ஸ் ஷோரூம் ஆறு லட்சத்தை ஒட்டி ஆரம்பித்தாலும் கையிலிருந்து போவது அது இல்லை. தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், அதோடு மூன்று வருஷ தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர், அப்புறம் ஷோரூமில் தலையில் கட்டும் "ஆக்சஸரீஸ் கிட்". ஏழு ஏழரையில் நிற்கும்.

முதல் வருஷம் கீறல் விழத்தான் செய்யும், சின்னச் சின்னதுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும் என்சிபி தள்ளுபடி, நாலாயிரம் ரூபாய்க் கீறலுக்காகப் போய்விடும்.

புது வண்டியில் பலரும் செய்யும் ஒரு காரியம்: பேஸ் மாடலில் துணி சீட்டுதானே என்று மறுநாளே கடையில் விட்டு ரெக்சின் சீட் கவர் தைத்துவிடுவார்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்திலிருந்துதான் பிரிந்து வர வேண்டும், இறுக்கித் தைத்த கவர் அதை அமுக்கிவிடும். ஆறு ஏர்பேக்குக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டைக் கையால் மூடுகிற மாதிரி. சீட் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னப் பட்டி தைத்திருக்கும், அது தெரிகிற, ஏர்பேக்குக்கென்று பிரியும் தையல் போட்ட கவர் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் துணி சீட்டே இருக்கட்டும்.

தினமும் நெடுஞ்சாலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் என்றாலும், வீட்டில் செகண்ட்ஹேண்ட் வண்டியைப் பார்த்து வாங்கத் தெரிந்த ஆள் இல்லை என்றாலும் இதுதான் நல்லது. ஏழு வருஷ இஎம்ஐ போட்டுத்தான் வாங்க முடியும் என்றால் மூன்றாவது வழிக்கே திரும்பிவிடுங்கள்.

## ஐந்து: ஒரு வருஷம் எதுவும் வாங்காமல் இருப்பது

இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்வது. டிரைவிங் ஸ்கூலில் மூன்று வாரம், காலை ஏழு மணிக்குக் காலி ரோட்டில், பக்கத்தில் இன்னொரு பிரேக்கோடு மாஸ்டர் உட்கார்ந்திருக்கப் பிள்ளை கற்றது அவ்வளவுதான். ராத்திரி எதிர் வெளிச்சம், மழை, சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் நுழைவது, கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் இறங்குவது எதுவும் அதில் வராது. உங்கள் புது வண்டியையே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாரம் இரண்டு நாள் ஓட்டக் கொடுங்கள். செலவு பெட்ரோலும் உங்கள் பொறுமையும். ஹாஸ்டலில் சேரப் போகிற பிள்ளை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை, காலேஜ் பார்க்கிங்கில் வண்டி நின்றால் ஓட்டப் போவது உங்கள் பிள்ளை மட்டும் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | பாதுகாப்பு | மறைந்திருப்பது | யாருக்கு |
|---|---|---|---|---|
| வீட்டுப் பழைய வண்டி | அரை லட்சம் வேலை | வேரியன்ட்டைப் பொறுத்தது, பெரும்பாலும் குறைவு | டயர், எஃப்சி, மறுபதிவு | ஊருக்குள் மட்டும், அல்லது பைக்குக்கு மாற்றாக |
| பெரிய பழைய வண்டி | 5–9 லட்சம் | எடை உண்டு, மற்றது சந்தேகம் | டீசல் செலவு, கவிழும் வாய்ப்பு, நண்பர் கூட்டம் | சிபாரிசு செய்ய மாட்டேன் |
| 2020–22 செகண்ட்ஹேண்ட் | 4.5–6 லட்சம் | நல்லது, ஈ.எஸ்.பி இருப்பது அரிது | அடிபட்ட வண்டி, வெள்ள வண்டி | பெரும்பாலான வீடுகளுக்கு |
| புது பேஸ் மாடல் | 7–7.5 லட்சம் | மிக நல்லது | வரி, இன்சூரன்ஸ், சீட் கவர் | தினமும் நெடுஞ்சாலை என்றால் |
| ஒரு வருஷம் பொறுப்பது | பெட்ரோல் | நீங்கள் பக்கத்தில் | உங்கள் நேரம் | ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு |

## யார் பெயரில் வாங்குவது

எந்த வழியானாலும் கடைசியில் வரும் கேள்வி இது. அப்பா பெயரில் வாங்கி, லைசென்ஸ் உள்ள பிள்ளை ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பாலிசியில் கட்டாயமாக வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே. பிள்ளை ஓட்டி ஏதாவது ஆனால் அது பிள்ளைக்கு வராது. பிள்ளைக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள், அல்லது உள்ளே இருப்பவர்களுக்கான கூடுதல் கவர் ஓட்டுகிற பிள்ளைக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள், வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான்.

செகண்ட்ஹேண்ட் என்றால் ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கியதோடு விடாமல் ஆர்சியில் பெயர் மாறும் வரை விரட்டுங்கள், லோன் இருந்த வண்டி என்றால் பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் வேண்டும். இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஓனரின் என்சிபி உங்களுக்கு வராது, அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை பிரீமியத்தில் கட்டச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு வண்டி விலையில் பேரம் பேசிக் குறையுங்கள்.